இன்னாரின் மகன்

"அந்த எழுத்து உள்ள ஒரு தாள்கூட பெட்டிக்குள்ள இருக்கக் கூடாது" என்று அப்பா தொலைபேசியில் சொன்னார். குவைத் விமான நிலையத்தில் பெட்டியைத் திறப்பவரிடம் ஆய்வு, பரீட்சை என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. எபிரேய எழுத்தைக் கண்டால் அவர் தாளைப் பார்க்க மாட்டார், என்னைத்தான் பார்ப்பார் என்பது அப்பாவின் கணிப்பு. ஆகவே கோடை விடுமுறைக்குக் குவைத்தில் வீட்டார் இருக்கும் மங்காஃபுக்குப் புறப்படுகிற வாரம் முழுவதும் சென்னை விடுதி அறையில் உட்கார்ந்து, எனக்குத் தேவையான பெயர்களையெல்லாம் நகல் தாள்களிலிருந்து தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதினேன்.

பாலைவனக் குகைகளில் கிடைத்த பழைய எபிரேயத் தோல் ஏடுகளின் துண்டுகளில் வரும் ஆட்பெயர்களே என் ஆய்வுப்பொருள். இலக்கியம் படிக்கிறவளுக்கு அதில் என்ன இருக்கிறது என்று விடுதியில் கேட்டார்கள். அந்தத் துண்டுகளில் பல வெறும் பத்திரங்கள்: நிலம் விற்றவன், பேரீச்சந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவன், சாட்சி நின்றவன், கணவனை விட்டு விலகியவள். அவர்களைப் பற்றி வேறு எதுவும் எஞ்சவில்லை. ஒரு பெயர், தகப்பனுடைய பெயர், அவ்வளவுதான். அந்த இரண்டை மட்டும் விட்டுவிட்டு மனிதர்கள் முழுவதுமாக மறைந்துபோக முடியும் என்பது என்னை அந்தத் தாள்களின் முன் உட்காரவைத்தது.

பாதி அழிந்த எழுத்தின் தலைமேல் ஒரு புள்ளி வைப்பது பதிப்பாசிரியர்களின் வழக்கம். தமிழில் எழுத்தின் தலைமேல் புள்ளி வைத்தால் எழுத்தே வேறாகிவிடும். அதனால் உறுதியான எழுத்துகளை மையாலும் சந்தேகமானவற்றைப் பென்சிலாலும் எழுதினேன். தோல் கிழிந்து ஒன்றுமே இல்லாத இடத்தில் சதுர அடைப்புக்குறி போட்டு, உள்ளே வெறுமையாக விட்டேன்.

அந்த வெறுமையை நிரப்புவதற்கு ஒரு வழி உண்டு. என் ஆய்வேட்டின் இரண்டாம் இயல் முழுவதும் அதன்மேல்தான் நின்றது. எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படுவது. ஆளின் பெயர் முதலில் வரும். 'இன்னாரின் மகன்' என்பது பிறகு. ஏட்டின் வலது ஓரம் கிழிந்திருந்தால் ஆளின் பெயர் போய்விடும், தகப்பன் பெயர் நிற்கும். அந்தக் காலத்துக் குடும்பங்களில் பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பது பரவலான வழக்கம். எனவே அந்தத் தகப்பனைப் பெற்றவர் யாரென்று இன்னொரு ஏட்டில் தெரியவந்தால், கிழிந்துபோன மகனுக்கு அவருடைய பெயரை ஊகித்து அடைப்புக்குறிக்குள் இடலாம். எனக்கு இது மிகவும் இயல்பாகப்பட்டது. தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் ஊரிலும் மூத்த பேரன் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயரோடுதான் பிறக்கிறான். இருக்கிற சில பெயர்களையே ஊர் முழுவதும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதால், கோவில் வாசலில் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

மங்காஃபில் எங்கள் வீடு ஐந்தாவது மாடியில் இருந்தது. ஜூன் மாதத்துத் தூசி அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், அம்மா சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் நான் என் தாள்களைப் பரப்பியிருந்தேன். அப்பா சுத்திகரிப்பு ஆலையில் பகல் டூட்டிக்குப் போயிருந்தார். தம்பி அறைக்குள் ஏசியைக் கூட்டிவைத்து விளையாடிக்கொண்டிருந்தான்.

"இதென்னட்டி, தமிழ்லதான் எழுதியிருக்க, ஒரு பேரும் வாயில நுழைய மாட்டேங்குது" என்றாள் அம்மா.

"எபிரேயப் பேரும்மா. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தினது."

"ஜெபமாலைல வார பேரு ரெண்டு மூணு இருக்கு. மத்தது ஒண்ணும் தெரியல." இறால் கையை மேலே தூக்கிவைத்துக்கொண்டு, தாளில் பட்டுவிடாமல் எட்டிப் பார்த்தாள். "இந்தக் கட்டத்துக்குள்ள என்ன, ஒண்ணும் எழுதலியா?"

"அங்க தோல் கிழிஞ்சுபோச்சும்மா. ஆள் பேரு போயிட்டு. அப்பா பேரு மட்டும் நிக்குது. இன்னாரோட மகன்னு."

அம்மா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடியில் விழுந்த ஓர் இறால் ஓட்டை எடுத்துச் செய்தித்தாளின் நடுவில் போட்டாள்.

"நம்ம பிள்ளைக்கும் அப்படித்தான போட்டிருந்தான், ஆஸ்பத்திரில" என்றாள். எழுந்து போய்க் கை கழுவினாள். இறால் பாதி அப்படியே கிடந்தது.

எனக்கும் இப்போதிருக்கும் தம்பிக்கும் நடுவில் ஒருவன் பிறந்திருந்தான். எனக்கு அப்போது ஏழு வயது. காலத்துக்கு முந்திப் பிறந்து, ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் இருந்து, இறந்துபோனான். நான் அவனைப் பார்த்ததில்லை. கண்ணாடி வரைகூட பிள்ளைகளை விடவில்லை. அவனை நகரத்துக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டிய கிறிஸ்தவக் கல்லறையில் அடக்கினார்கள். அடக்கத்துக்கான காகிதத்தில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஆண் குழந்தை' என்றும், அதன் கீழே அப்பாவின் பெயரும் இருந்தன. குழிமேல் ஒரு சிறிய சிமெண்டுக் கட்டியும் அதில் ஓர் எண்ணும் மட்டுமே.

ஆனால் வீட்டில் அவனுக்குப் பெயர் இருந்தது. அப்பா அவனை எப்போதும் தாத்தாவின் பெயரால்தான் சொல்வார். ஆண்டுதோறும் அவன் இறந்த நாளை ஒட்டிய வெள்ளிக்கிழமை, தேவாலயத்தில் அந்தப் பெயரை எழுதிக்கொடுத்து அவனுடைய ஆன்மாவுக்காகப் பூசை வைப்பார். பிறகு இரண்டாவது மகன் பிறந்தபோது அவனுக்கும் அதே பெயரை வைத்தார். மூத்த மகன் தவறிவிட்டால் அவனுடைய பெயர் அடுத்தவனுக்கு வருவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. தாத்தாவின் பெயர் வீட்டில் நடமாட வேண்டும், அதுதான் கணக்கு. இதைப் பற்றி யாரும் யோசித்ததாக எனக்கு நினைவில்லை. நானும் யோசித்ததில்லை.

அந்தக் கோடை அப்பாவுக்குக் குவைத்தில் கடைசிக் கோடை. விசாவைக் கேன்சல் செய்து எல்லோரும் ஊருக்குத் திரும்புவது என்று முடிவாகியிருந்தது. சாமான்களை விற்பதும் கார்கோவில் போடுவதும் நடந்துகொண்டிருந்தன. அப்பாவுக்கு அவற்றில் எதிலும் மனம் இல்லை. நான் வந்த இரண்டாம் நாளே என்னிடம் சொன்னார்:

"நாம போயிட்டா இங்க வந்து பாக்க ஆளில்ல. போறதுக்குள்ள பிள்ளைக்கு ஒரு கல்லு வச்சிரணும். அந்த நம்பரை மட்டும் விட்டுட்டுப் போக மனசு வரல."

"வைங்கப்பா."

"நீதான் இங்கிலீஷ்ல எழுதித் தரணும். இலக்கியம் படிக்கிறல்ல. நாலு வரி போதும், நீட்டிராத."

மறுவாரம் அந்த நாலு வரியை எழுதினேன். எனக்கு அது கடினமாக இருக்கவில்லை. 'ஆண் குழந்தை, இன்னாரின் மகன்' என்று காகிதம் சொன்னது. காகிதம் சொல்லாததை வழக்கம் சொன்னது. முதல் வரியில் தாத்தாவின் பெயரை எழுதினேன், இரண்டாவதில் அப்பாவின் பெயர், பிறகு ஊர், பிறகு இளைப்பாறுதல் வேண்டி ஒரு வரி. என் இரண்டாம் இயலில் செய்ததைத்தான் இங்கும் செய்தேன். என் வீட்டுக்கே அது பொருந்திவந்ததில், சொல்லப்போனால், எனக்கு ஒரு சிறு திருப்தியும் இருந்தது.

அப்பா காலை டூட்டி முடிந்து வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தாளை அவர் முன் வைத்தேன். அவர் கண்ணாடியைத் தேடி எழுந்த நேரத்தில் தம்பி அதை எடுத்துவிட்டான். அவனுக்குப் பதின்மூன்று வயது. பிறந்ததிலிருந்து குவைத்தில்தான். தமிழைப் பேசுவான், ஆனால் கோபம் வந்தால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவான்.

"டாடி, இது என்ன?"

"கல்லுக்குல. அண்ணனுக்கு."

"இது என் பேரு."

"உன் பேரு இல்ல, உன் தாத்தா பேரு. அண்ணனுக்கும் அதான்."

"நோ. இது என் ஐடில இருக்கிற பேரு. என் ஸ்கூல் பேக்ல இருக்கிற பேரு. கீழ உங்க பேரு. அப்படியே நான்தான்." தாளை மேசையில் வைத்து விரலால் அழுத்தினான். "என் ஃப்ரெண்ட்ஸ் யாராவது அங்க போனா என்ன நினைப்பாங்க? நான் டெட்னு நினைப்பாங்க."

"உன் ஃப்ரெண்டு எவன்ல கல்லறைக்குப் போகப்போறான்?"

"அது இல்ல டாடி." தாளிலிருந்து விரலை எடுத்தான். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்: "அப்ப நான் யாரு? ஸ்பேர் டயரா?"

அப்பா சிரிக்க முயன்றார். "ஸ்பேர்தான் கடைசி வரைக்கும் ஓடும்" என்று ஏதோ சொன்னார். தம்பி சிரிக்கவில்லை. எனக்கும் அந்தத் தாளை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் இருந்தது. அதில் இருந்தது உயிரோடு என் முன்னால் நிற்பவனின் பெயர். ஓர் எழுத்துகூட மாறாமல் அவனுடைய பெயர். அதன் கீழே அவனுடைய தகப்பன் பெயர். இரண்டாயிரம் ஆண்டு கழித்து யாராவது அந்தக் கல்லைக் கண்டெடுத்தால், என்னைப் போன்ற ஒருத்தி இவனை இறந்தவனாகத்தான் எழுதிக்கொள்வாள்.

சமையலறை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"அவன் பேரு அது இல்ல" என்றாள்.

"எவன் பேரு?" என்றார் அப்பா.

"மூத்தவன் பேரு."

அவளே தொடர்ந்தாள். குழந்தை பிழைக்காது என்று தெரிந்த அன்று அப்பா டூட்டியில் இருந்தார். ஆலைக்குள் தொலைபேசி எடுத்துப்போகக் கூடாது. அவருக்குச் செய்தி போய்ச் சேரவே நேரமாகிவிட்டது. அந்த வார்டில் எங்கள் பக்கத்து நர்ஸ் சிஸ்டர் ஒருத்தி வேலை பார்த்தாள். சாகக் கிடக்கிற குழந்தைக்கு, பங்குச் சாமியார் வரும்வரை காத்திராமல், யார் வேண்டுமானாலும் தண்ணீர் விட்டு ஞானஸ்நானம் கொடுக்கலாம். கடலோரத்தில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். சிஸ்டர் பஞ்சை நனைத்துக்கொண்டு அம்மாவிடம் வந்து, "அக்கா, என்ன பேரு சொல்ல?" என்று கேட்டாள்.

"உடனே ஒரு பேரு சொன்னேன். அவ போயி நெத்தில தண்ணி விட்டு அந்தப் பேரைச் சொல்லிட்டா. அவ்வளவுதான்."

"எங்க அப்பா பேரைச் சொல்லலியா?"

"இல்ல."

"உங்க அப்பா பேரா?"

"இல்ல. யாரு பேரும் இல்ல. நம்ம ரெண்டு குடும்பத்துலயும் யாருக்கும் இல்லாத பேரு."

அப்பா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஏன்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"எல்லாரும் யாரு பேரையாவது தூக்கிட்டுத்தான அலையுதோம். போற பிள்ளைதான. வெறுங்கையோட போவட்டும்னு தோணிச்சு." முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள், கை ஈரமாக இல்லை. "நீங்க வந்ததும் வராததுமா எல்லாருக்கும் ஃபோன் போட்டு உங்க அப்பா பேரைச் சொல்லி அழுதிய. அந்த நேரத்துல நான் என்னத்தச் சொல்லுவேன்? பெறகு சொல்லிக்கலாம்னு விட்டேன். பெறகு எப்பவும் நேரம் வரல."

"இத்தனை வருசமும் நான் பூசை வச்சது?"

"உங்க அப்பாவுக்குப் போய்ச் சேந்திருக்கும்" என்றாள் அம்மா. "அவருக்கும் வேணும்ல."

அப்பா எழுந்து பால்கனிக்குப் போனார். கதவைத் திறந்ததும் சூடு உள்ளே வந்தது. வெளியே பார்க்க ஒன்றும் இல்லை: தண்ணீர்த் தொட்டிகள், டிஷ் ஆண்டெனாக்கள், தூசிக்குள் கடல் இருப்பதாகத் தெரிந்த ஒரு வெளுப்பு. நெடுநேரம் அங்கேயே நின்றார். உள்ளே தம்பி அம்மாவின் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டான்:

"மம்மி, அப்ப என் பேரு எனக்குத்தானா?"

"உனக்குத்தான்ல. உனக்கு முன்னால உன் தாத்தாவுக்கு. நடுவுல யாருக்கும் இல்ல."

அந்தப் பெயர் என்னவென்று அப்பா கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அடுத்து வந்த நாட்களிலும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் கேட்காமல் இருக்கும்போது நான் கேட்பது முறையல்ல என்று பட்டது. வீட்டில் அட்டைப்பெட்டிகள் கட்டப்பட்டன. சோஃபாவை ஒரு மலையாளிக் குடும்பம் வந்து எடுத்துப்போனது. தேவைக்கு மட்டுமே பேசினோம். அம்மாவின் வாய்க்குள் ஒரு பெயர் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவள் சாப்பாடு பரிமாறும்போதும் துணி மடிக்கும்போதும் அதை நினைத்தேன். அதற்கு முன்பும் அது அங்கேதான் இருந்தது. நாங்கள்தான் அறியாமல் இருந்தோம்.

அடுத்த வாரம் அப்பா கல்லறை அலுவலகத்துக்குப் போனபோது என்னையும் கூட்டிச்சென்றார். அங்கிருந்த எகிப்தியர் அடக்கக் காகிதத்தின் நகலை விரித்துப் பார்த்தார். தேநீரைத் தள்ளிவைத்து, பொறுமையாகவே பேசினார். காகிதத்தில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் கல்லில் வரலாம். காகிதத்தில் குழந்தைக்குப் பெயர் இல்லை, தகப்பன் பெயர் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளலாம். ஞானஸ்நானப் பெயருக்குத் தேவாலயச் சான்று உண்டா என்று கேட்டார். சிஸ்டர் பஞ்சால் விட்ட தண்ணீருக்கு எங்கே போய்ச் சான்று வாங்குவது? அவள் வேலையை விட்டு ஊருக்குப் போய்ப் பல வருடங்களாகியிருந்தன.

"இஸ்ம் மாஃபி" என்று காகிதத்தின் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். பெயர் இல்லை. பிறகு, தன்னால் முடிந்தது இவ்வளவுதான் என்பதுபோல் அப்பாவின் தோளைத் தட்டினார்.

நான் எழுதிய நாலு வரி, அம்மா பேசாமல் இருந்திருந்தாலும், அந்தக் கல்லில் ஏறியிருக்காது என்பது அப்போதுதான் புரிந்தது. காரில் ஏறியதும் அப்பா வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"உன் தாள்ல இருக்கிற மாதிரியே ஆகிப்போச்சு" என்றார். என் தாள்களை அவர் படித்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது.

கல் வேலை செய்பவர் பெஷாவர்க்காரர். கடை முழுவதும் வெள்ளைத் தூள். அவருடைய புருவமும் வெள்ளையாக இருந்தது. அப்பா ஹிந்தியில் விளக்கினார். அளவு சொன்னார். 'ஆண் குழந்தை' என்ற சொல் வேண்டாம் என்றார். ஒரே ஒரு வரிதான்: இன்னாரின் மகன். அது கல்லின் நடுவில் வராமல் கொஞ்சம் கீழே இறங்கி வர வேண்டும்.

"ஊப்பர் க்யா லிக்னா ஹை, பாய்?" மேலே என்ன எழுத என்று அவர் கேட்டார்.

"குச் நஹீ. காலி." ஒன்றும் வேண்டாம் என்றார் அப்பா.

"பூரா லைன் காலி?"

"பூரா லைன்."

கல்காரர் என்னைப் பார்த்தார். படித்த பெண் ஏதாவது சொல்லித் திருத்துவாள் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் தலையாட்டினேன். அவர் "அச்சா" என்று பென்சிலால் கல்லின்மேல் ஒரு கோடு இழுத்து, எழுத்து எங்கே தொடங்கும் என்று குறித்துக்கொண்டார். கோட்டுக்கு மேலே ஒரு கை அகலம் கல் அப்படியே இருந்தது.

கல் வைத்த அன்று மாலை நால்வரும் போனோம். வெயில் இறங்கியிருந்தது, காற்று மட்டும் இன்னும் சுட்டது. தம்பி காரிலேயே இருப்பதாகச் சொன்னான். கொஞ்சத் தூரம் நாங்கள் நடந்ததும் இறங்கி ஓடிவந்து சேர்ந்துகொண்டான். குழந்தைகளின் குழிகள் தனியாக ஒரு வரிசையில் இருந்தன. பல நாட்டுப் பெயர்கள். பல கட்டிகளில் எண் மட்டும். எங்கள் கல் புதிதாக இருந்ததால் அந்த வரிசையில் அந்நியமாகத் தெரிந்தது. நெடுஞ்சாலையில் லாரிகள் போகும் சத்தம் விடாமல் கேட்டது.

அம்மா கல்லின் மேற்பகுதியை, எழுத்தில்லாத அந்த இடத்தை, கையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்கத் தூசி வந்து படிந்துகொண்டிருந்தது. மெழுகுவர்த்தி நிற்கவில்லை. அப்பா அதைக் குனிந்து ஏற்ற முயன்று, தீக்குச்சிகள் ஒவ்வொன்றாக அணைந்தபின் பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். குனிந்த நிலையிலேயே கேட்டார்:

"என்ன பேரு வச்ச?"

அம்மா சொன்னாள். கத்திச் சொல்ல வேண்டியிருந்தது, லாரிச் சத்தத்தில்.

அப்பா அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு இன்னொருமுறை, வேறு விதமாக, அடுத்த அறையில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல் சொன்னார். அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. அவர் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல பேருதான்" என்றார்.

"நல்ல பேருதான்" என்றாள் அம்மாவும். அதன்பின்தான் அழுதாள். அவள் அழுதால் சத்தம் வராது. தோள் மட்டும் அசையும். தம்பி அவளுக்குப் பக்கத்தில் போய் நின்று, தன் கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவளுடைய கைப்பையை வாங்கிப் பிடித்துக்கொண்டான்.

திரும்பி நடக்கும்போது அம்மா என்னிடம் சொன்னாள்: "இதை நீ உன் தாள்ல எழுதிராத."

எழுதவில்லை. ஆனால் அந்த வாரம் என் இரண்டாம் இயலின் கையெழுத்துப் படியைத் திரும்ப எடுத்தேன். வழக்கத்தை வைத்து நான் நிரப்பியிருந்த அடைப்புக்குறிகள் பல. ஒவ்வொன்றும் தர்க்கப்படி சரி. ஊகத்தை ஊகமென்று சொல்லும் அடிக்குறிப்பும் இருந்தது. ஆனால் வழக்கம் திருப்பிக் கொடுக்கக்கூடியது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வந்த பெயரை மட்டும்தான். யாருடைய பெயரும் இல்லாத ஒரு பெயரை, பெற்றவள் ஒரு நொடியில் தேர்ந்தெடுத்ததை, எந்த விதியாலும் மீட்க முடியாது. அப்படிப்பட்ட பிள்ளைகளும் அந்தக் குகைகளில் இருந்திருப்பார்கள். எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை. நான் இட்ட பெயர்களை ரப்பரால் அழித்தேன். பென்சிலில் எழுதியிருந்ததால் அழிந்தன. தாளில் மெல்லிய தடம் மட்டும் நின்றது. சென்னை திரும்பியபின் என் நெறியாளர், இயல் பாதியாகக் குறைந்துவிட்டதே என்று வருத்தப்பட்டார். ஆமாம் என்றேன்.

நான் விமானம் ஏறுவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை தமிழ்ப் பூசைக்குப் போனோம். அங்கே ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் உட்கார்வது கட்டாயமில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் பழக்கத்தால் அப்படியே உட்காருவார்கள். அப்பா முன்னதாகவே போய் அலுவலகச் சன்னலில் யாருக்கோ காத்து நின்றதைப் பார்த்தேன். பூசை தொடங்குமுன் வாசகர் மைக்கருகே வந்து, அன்று யார் யாருக்காகப் பூசை என்று வாசித்தார். உடல்நலம் வேண்டி ஒருவர், விசா கிடைத்ததற்கு நன்றியாக ஒருவர். பிறகு இறந்தவர்கள். தாத்தாவின் பெயர் வந்தது, ஊர்ப்பெயரோடும் தகப்பன் பெயரோடும் முழுமையாக. அம்மா குனிந்த தலை நிமிரவில்லை. ஆண்டுதோறும் கேட்டுப் பழகிய பெயர்.

அடுத்து அந்தப் பெயர் வந்தது. தகப்பன் பெயர் இல்லை, ஊர் இல்லை, வெறும் பெயர். வாசகர் அதற்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போனார்.

அம்மா நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் பார்த்தாள். பிறகு ஆண்கள் பக்கம் பார்த்தாள். அப்பா பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அருகில் இருந்த மணப்பாட்டு அக்கா, அம்மாவோடு வாரந்தோறும் சேர்ந்து உட்காருபவள், குனிந்து கேட்டாள்: "யாருக்கா அது? நம்ம ஆளுகள்ல கேக்காத பேரா இருக்கு."

"எங்க மூத்தவன்" என்றாள் அம்மா.

முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். பாட்டு தொடங்கியது. எல்லோரும் எழுந்தார்கள். அவள் சற்று நேரம் உட்கார்ந்தே இருந்தாள்.